கனகா தடவிய அறுபது வில்லைகள்

கனகாவின் கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் பார்ப்பது அவள் கட்டைவிரல்தான், கண்ணெல்லாம் அப்புறம். சந்தையில் கத்தரிக்காயை எடுத்தாலும் ஒரு தடவு. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைத் தூக்கினாலும் கன்னத்தில் ஒரு தடவு. கல்யாணத்தன்று மேடையை விட்டு இறங்கியதும் தாலியை நெருடிப் பார்த்துவிட்டு, "ஓரம் கொஞ்சம் கீறுதுங்க, ஆசாரிகிட்ட குடுத்து அரத்தால ராவணும்" என்று புது மாப்பிள்ளையிடமே சொன்னவள் அவள். மாப்பிள்ளை பழமலை அன்றைக்கு வாயை மூடியவன்தான். ஜங்ஷன் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். டியூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கி அவன் குமிழி தேடிக்கொண்டிருக்கும்போதே, சாப்பாடு கொண்டுவந்த இவள் விரலை ஓட்டி ஓட்டையைக் காட்டிவிடுவாள். அப்புறம் எங்கே எதிர்ப்பேச்சு பேசுவது?

அந்த விரலை வளர்த்தது விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டை. பத்தொன்பது வயதில் ஜம்புநாதனின் பொம்மைக் கம்பெனியில் ஃபினிஷிங் வேலைக்குச் சேர்ந்தாள், இப்போது நாற்பத்தாறு. களிமண் கூழை பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, இறுகியதும் அச்சைப் பிரித்தால் பிள்ளையார் வந்துவிடுவார். ஆனால் அப்படியே வெளியே போகிற பிள்ளையார் இல்லை அவர். அச்சு சேர்ந்த இடத்தில் ஒரு கோடு ஓடும். அச்சு பழசாகிவிட்டால் அதில் பொத்துப்பொத்தாகப் பள்ளம் விழுந்து, பொம்மையின் மேல் வேர்க்குரு போலப் பருவாய் எழும்பும். ஈரமான ஸ்பாஞ்சால் அந்தக் கோட்டையும் பருவையும் தடவி, உரு கெடாமல் வழவழப்பாக்குவதுதான் ஃபினிஷிங். கனகா தடவினால் பிள்ளையார் வயிற்றில் ஈ உட்கார்ந்தாலும் வழுக்கி விழும் என்பது பேட்டையில் பேச்சு. கண்ணாடிக் கனகா என்றே பெயர்.

பேட்டையில் இன்னொரு வழக்கமும் உண்டு. தடவி முடித்தவள், பொருளின் அடியில் ஊசியால் தன் குறியைக் கீற வேண்டும். சூளையிலிருந்து பழுதாக வந்தால் யார் கை என்று தெரியவேண்டுமே, அதற்காக. கனகாவின் குறி 'க'. இருபத்தேழு வருஷத்தில் 'க' போட்ட பொருள் ஒரு பருவோடு வெளியே போனதில்லை. மனுஷிக்குப் பெருமை என்று வேறொன்றும் இல்லை, இது ஒன்றுதான்.

அவளுக்கு இன்னொரு குணம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். எட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டாள். தெருவில் குழாய்க்குப் பள்ளம் தோண்டினால் ஆள் இறங்குவதற்கு முன்னால் இவள் தலை பள்ளத்துக்குள் இருக்கும். எறும்பு சாரைசாரையாகப் போனால் எங்கே போகிறது என்று பின்னாலேயே போய், பக்கத்து வீட்டு அடுப்படி வரைக்கும் நுழைந்து ஏச்சு வாங்கியிருக்கிறாள். இந்தக் குணமும் அந்த விரலும் சேர்ந்து ஒருநாள் அவளைக் கல்வராயன் மலைக்கே ஏற்றிவிட்டன.

கார்த்திகை மாதம் ஒரு பெண் கம்பெனிக்கு வந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும், தோளில் பை, காலில் சேறு காய்ந்த ரப்பர் செருப்பு. பெயர் மைத்ரேயி. மலையோடைகளில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று ஆராய்ச்சி செய்கிறவள், சிதம்பரத்துப் பக்கம் சொந்த ஊர். வந்தவள் ஜம்புநாதனிடம் கேட்ட முதல் கேள்வியே அவரைத் திகைக்க வைத்தது.

"சார், உங்ககிட்ட ரொம்பத் தேஞ்ச அச்சு ஏதாவது இருக்கா?"

புது அச்சு கேட்டு வருகிறவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். தூக்கி எறிய மூலையில் குவித்திருந்த அச்சுகளைக் காட்டினார். பொம்மைக்கு அடியில் வைக்கும் சதுரப் பீடத்தின் அச்சு பதினைந்து கிடந்தன, அம்மை விழுந்த முகம் மாதிரி. மைத்ரேயி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, மாம்பழம் கிடைத்த குழந்தைபோல் சிரித்தாள்.

"இதுதான் வேணும். உள்ளங்கை அகலத்துக்கு நூத்தி இருபது வில்லை. இந்தப் பரு அப்படியே இருக்கணும், தொடைக்கக் கூடாது. மெருகும் பூச வேண்டாம், ஒரே சூடு சுட்டுக் குடுத்தாப் போதும்."

பிள்ளையாரின் துதிக்கையைத் தடவிக்கொண்டிருந்த கனகாவின் கை நின்றது. "எதுக்குங்க மேடம் இது?"

"ஆத்துல போடறதுக்கு."

"எங்க ஆத்துலயா? மணிமுத்தாத்துல மணலும் சீமைக் கருவேலமும்தாங்க இருக்குது. தண்ணி எங்க இருக்குது?"

"மேல இருக்குக்கா, மலையில. அங்க ஓடற தண்ணியும் சுத்தி வளைச்சு உங்க ஆத்துக்குத்தான் வருது" என்றாள் மைத்ரேயி. ஓடையில் ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு அளவு, ஒவ்வொரு வயது. அதை வைத்து ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. ஒரே மாதிரி வில்லைகளை வேகமாக ஓடும் இடத்தில் பாதி, தேங்கி நிற்கும் மடுவில் பாதி போட்டுவைத்தால், ஐந்து வாரம் கழித்து எடுத்து எந்த இடத்துக்கு எது வந்து சேர்ந்தது என்று எண்ணிவிடலாம். இடம் மாறினால் உயிர் எப்படி மாறுகிறது என்று தெரிந்துவிடும்.

"ஓகோ. வாடகைக்கு வூடு கட்டிவுட்டு, யாரு குடிவராங்கன்னு பாக்கறது."

"அதேதான்க்கா!"

அன்றைக்குப் பூராவும் கனகாவுக்கு அதே நினைப்பு. சாயங்காலம் பஞ்சர் கடையில் உட்கார்ந்து பழமலையைப் பிடுங்கி எடுத்துவிட்டாள். "செவுரு கெடையாது, கூரை கெடையாது, வெறும் தளம். மேல தண்ணி அடிச்சிக்கிட்டுப் போவுது. அதுல எப்புடிங்க குடித்தனம் பண்ணும்?" பழமலை, "நீ போயி பாத்துட்டு வந்து சொல்லு, நானும் தெரிஞ்சிக்கிறேன்" என்று டயரைக் கழற்றப் போய்விட்டான். விளையாட்டாகத்தான் சொன்னான், இவள் அதை மனசில் முடிந்துகொண்டாள்.

முதல் நாள் அறுபது வில்லை ஊற்றினார்கள். கனகா மனசைக் கட்டிக்கொண்டு, பருவைப் பார்த்தும் பார்க்காததுபோல, அடியில் 'க' மட்டும் கீறி ஒதுக்கினாள். கீறும்போது உடம்பெல்லாம் கூசியது. இரண்டாம் நாள் மிச்சம் அறுபது வந்தன, பலகையில் பிள்ளையார்களோடு கலந்து. பக்கத்தில் இருந்த இளமதி தன் நாத்தனார் கதையை ஆரம்பித்தாள். நாத்தனார் கதை கேட்கும் காது வேறு, தடவும் கை வேறு. இருபதாவது வில்லையோ இருபத்தொன்றோ, கனகா திடுக்கிட்டுக் கீழே பார்த்தாள். எல்லாம் பளிங்கு மாதிரி வழவழவென்று இருந்தன.

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். இருபதையும் கரைத்துப் போட்டுவிட்டு மறுபடி ஊற்றச் சொல்லியிருக்கலாம், அரைநாள் வேலை. அவள் அப்படிச் செய்யவில்லை. 'பூச்சிக்கு மட்டும் வழவழப்பு கசக்கவா போவுது? பாவம், வயிறு உராயாம இருக்கட்டும்' என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு மிச்ச நாற்பதையும் தடவினாள். உள்ளுக்குள் இருந்த நிஜம் அதுவல்ல. 'க' போட்ட பொருள் பருவோடு போவது அவளுக்குப் பொறுக்கவில்லை. சுட்டு வந்ததும் முதல் நாள் வில்லை ஒரு சாக்கு, இரண்டாம் நாள் வில்லை ஒரு சாக்கு. இரண்டும் ஒரே வெள்ளை. கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது கஷ்டம், விரலுக்குத்தான் தெரியும். மைத்ரேயி வந்து இரண்டு சாக்கையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். ஏறும்போது, "எடுக்கறப்ப வாங்கக்கா, யார் குடிவந்திருக்கான்னு பாக்கலாம்" என்று கூப்பிட்டாள். கூப்பிட்டது மரியாதைக்குத்தான். கனகாவிடம் அப்படியெல்லாம் மரியாதைக்குக் கூப்பிடக்கூடாது.

மார்கழிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, வெள்ளிமலையில் போய் இறங்கினாள். அங்கிருந்து ஒரு மணி நேர நடை. ஓடைக்கு வந்ததும் கனகா பேச்சு மறந்து நின்றாள். கரையில் மரங்கள் வேரைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு நின்றன. பாறைகளுக்கு நடுவே சரிவில் தண்ணீர் நுரைத்து ஓடியது. ஐம்பது அடி கீழே போய் அகலமான மடுவில் சத்தம் அடங்கி நின்றது. தெரிந்த ஆற்றின் பிள்ளைப்பருவம் இப்படியா என்று அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

மைத்ரேயி ஒரு கல்லைப் புரட்டிக் காட்டினாள். அடியில் ஒரு பூச்சி அப்பளம் போலத் தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"இவ்ளோ வேகத்துல அடிச்சிக்கிட்டுப் போவாதா?"

"கல்லை ஒட்டினாப்பல மெல்லிசா ஒரு தண்ணி இருக்கும்க்கா, அது நகராது. இவன் தட்டையா இருக்கறதே அதுக்குள்ள படுத்துக்கறதுக்குத்தான்."

இன்னொரு கல்லில் எள் அளவுக்கு மணல் பொட்டலங்கள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புழு. மணலைப் பொறுக்கி, எச்சிலாலேயே நூல் நூற்று ஒட்டித் தனக்கு வீடு கட்டிக்கொள்கிறதாம். கல்லைக் கவ்வி நீந்தும் சின்ன மீனை மலைக்காரர்கள் கல்லொட்டி என்கிறார்கள் என்றாள். வேர்ச் சந்தில் மக்கும் இலைக்கென்று ஒரு கூட்டம், மடுவின் வண்டலுக்கென்று வேறொரு கூட்டம். வெயில் விழும் கல்லில் பாசி. நிழல் கல்லில் அது இல்லை, அதைத் தின்னும் பூச்சியும் இல்லை. பத்தடி எடுத்து வைத்தால் ஊரே மாறிவிடுகிறது.

கனகாவுக்குப் பிறந்த ஊர் ஞாபகம் வந்தது. கம்மாபுரத்துக்கு அந்தண்டை இருந்தது அந்த ஊர். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போனபோது குட்டையும் போனது. குட்டையோடு சேர்ந்து அதில் இருந்த கெளுத்தியும் நாரையும் எங்கே போயின என்று சின்ன வயசில் எல்லோரையும் கேட்டிருக்கிறாள். எங்கேயாவது போயிருக்கும் போ என்றுதான் பதில் வந்தது. இங்கே நின்று பார்த்தால், போவதற்கு வேறு இடம் அவ்வளவு சுலபமாகக் கிடைத்திருக்காது என்று பட்டது.

பிறகு வில்லைகளை எடுத்தார்கள். கம்பிவலையில் வரிசையாகக் கட்டி, ஒரு சாக்கு வில்லைகளைச் சரிவிலும் மற்றதை மடுவிலும் போட்டிருந்தாள் மைத்ரேயி. மடு வில்லைகளில் மெல்லிய வண்டல், நத்தை, இரண்டு மூன்று வகைப் புழு. சரிவு வில்லைகளில் கறுப்பாகக் கொத்துக் கொத்தாய்ப் புழுக்கள், வாலை ஊன்றித் தலையை ஆட்டிக்கொண்டு, ஓடிவரும் தண்ணீரிலிருந்து இரை பிடித்துக்கொண்டிருந்தன. வேறு ஒன்றுமில்லை.

"அதிசயமா இருக்குக்கா" என்றாள் மைத்ரேயி. கண் மின்னியது. "பக்கத்துக் கல்லுல மணல் கூட்டுப் புழு அத்தனை இருக்கு, வில்லைல ஒண்ணுகூட இல்ல. வேகம் அடிச்சுட்டுப் போயிடுச்சா? புது இடம்னு வர பயமா? இதை நான் எழுதினா பெரிய விஷயம். ஜூன்ல ஆராய்ச்சியை முடிச்சுக் குடுத்தாகணும், ஆறு வருஷமாச்சு. இந்த வில்லை மட்டும்தான் பாக்கி இருந்தது. மாசி முடிஞ்சா ஓடையும் சிறுத்துடும். நல்லவேளை, கெடைச்சுடுச்சு."

கனகா ஒரு சரிவு வில்லையை வாங்கினாள். பழக்கத்தில் கட்டைவிரல் ஓரத்தில் ஓடியது. ஓடிய விரல் அப்படியே நின்றது. வழவழவென்று இருந்தது. இன்னொன்றை எடுத்தாள், இன்னொன்றை எடுத்தாள். எல்லாம் அவள் தடவியவை. குனிந்து பக்கத்துக் கல்லை எடுத்துத் தடவினாள். கரடுமுரடு, அந்தப் பொத்தல்களில்தான் மணல் பொட்டலங்கள் குந்தியிருந்தன. வேகமும் இல்லை, புது இடத்துப் பயமும் இல்லை. பிடிமானம் இல்லாத தளத்தில் எந்தப் பைத்தியம் வீடு கட்டும்? ஆராய்ச்சிக்காரிக்குப் பிடிபடாதது கனகாவின் விரலுக்குப் பிடிபட்டுவிட்டது, பிடிபட்டதே வினையாகவும் போனது.

சொல்லாமல் இருந்துவிடலாம். உலகத்தில் வேறு யார் விரலுக்கும் இது தெரியப்போவதில்லை. மைத்ரேயி எழுதுவாள், ஆறு வருஷம் கரை சேரும். சொன்னால் ஜூனும் போகும், எல்லாம் போகும். ஆனால் ஒரு பொய்யை அந்தப் பெண் அவ்வளவு சந்தோஷமாகக் குறித்துக்கொண்டிருப்பதைக் கனகாவால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"மேடம், அதை எழுதாதீங்க."

"ஏன்க்கா?"

"இந்த அறுபதும் நான் தடவுனது. பருவெல்லாம் போயிடுச்சு. அந்த மடுவுல இருக்கற அறுபதுதான் நீங்க சொன்ன மாதிரி வுட்டது."

மைத்ரேயி போய் மடு வில்லை ஒன்றை எடுத்துவந்தாள். இதை ஒரு கையிலும் அதை ஒரு கையிலும் வைத்து, நகத்தால் மாறி மாறிச் சுரண்டிப் பார்த்தாள். "தொடைக்கக் கூடாதுன்னு சொன்னேனே."

"சொன்னீங்க."

"அப்புறம்?"

"என் குறி போட்ட சாமான் பருவோட போவக் கூடாதுன்னு..."

"உங்க குறிக்காக என் ஆறு வருஷமா?"

கனகா தலையைக் குனிந்துகொண்டாள். அரிசியையும் மாற்றி உலையையும் மாற்றிப் பொங்கினால், சோறு குழைந்தது எதனால் என்று எப்படிச் சொல்வது? அவளுக்கே புரிந்த கணக்கு அந்தப் படித்த பெண்ணுக்குப் புரியாமலா இருக்கும். மைத்ரேயி நோட்டை மூடினாள். "மூணு மணி பஸ்ஸு போயிடும். கிளம்புங்க" என்றாள். அதட்டிச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சத்தமே இல்லாமல் சொன்னாள். கனகா மலை இறங்கும்வரை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலையில் ஜம்புநாதன் முன்னால் போய் நின்றாள். எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, "பொங்கலுக்கு முன்ன போடற கடைசிச் சூளையில எனக்கு ஒரு தட்டு எடம் வேணும் சார்" என்றாள்.

"ஏம்மா, இருபத்தேழு வருஷத்துல நல்லா தொடைக்கலன்னு எத்தனையோ பேரைத் திட்டியிருக்கேன். தொடைச்சதுக்குத் திட்ட வேண்டிய நாளும் வந்துடுச்சா?" என்றார் அவர். கொஞ்சநேரம் தாடையைச் சொறிந்தார். "மேல்தட்டு ஒண்ணு தரேன். நடுத்தட்டு கேக்காத, அது பொம்மைக்கு."

இந்தத் தடவை எப்படி ஊற்றுவது என்று கனகா பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தாள். மைத்ரேயி கேட்டதுபோல நூற்றிருபதும் பருவோடு செய்தால், பருவுக்கு என்ன வேலை என்று கடைசிவரை தெரியாது. தெரியாமல் விட்டால் இவளுக்குத் தூக்கம் வராது. அறுபது பருவோடு, அறுபது வழவழப்பாக. சரிவிலும் இரண்டு வகை, மடுவிலும் இரண்டு வகை. அரிசி மாற்றியது தனியாகத் தெரியும், உலை மாற்றியது தனியாகத் தெரியும். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வழவழப்பு அறுபதைத் தடவ அரைநாள்கூட ஆகவில்லை. பரு அறுபதைத் தடவாமல் இருக்கத்தான் படாத பாடு பட்டாள். விரல் தானாகப் போய் நின்றது. கடைசியில் கட்டைவிரலில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். இளமதி பார்த்துவிட்டு, "என்னக்கா, காயமா?" என்று கேட்டாள். "இல்லடி, வெலங்கு" என்றாள் கனகா. அச்சிலிருந்து எடுத்து, பரு பருவாக இருக்க, 'க' கீறி, பக்கத்தில் ஒரு புள்ளியும் வைத்தாள். வழவழப்புக்குப் புள்ளி கிடையாது.

கடைசி வில்லையில்தான் தப்பு நடந்தது. துணி சுற்றிய விரலுக்குப் பதம் தெரியவில்லை. அச்சிலிருந்து தூக்கும்போது ஈரக் களிமண்ணில் கட்டைவிரல் நன்றாக அழுந்தி, நடுவில் ஒரு குழி விழுந்துவிட்டது. துணியின் இழைகூடப் பதிந்திருந்தது. கரைத்துப் போடலாம் என்றால் தொட்டியில் கூழ் தீர்ந்து கழுவிவிட்டார்கள். நாளைக்கு ஊற்றினால் காயாது, காயாததைச் சூளையில் வைத்தால் வெடித்துப் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். இதை விட்டால் நூற்றுப் பத்தொன்பதுதான். குழியோடு இருந்த அதிலும் 'க' கீறிப் புள்ளி வைத்தாள். இருபத்தேழு வருஷத்தில் முதல் பழுது. தெரிந்தே அனுப்பிய பழுது.

போகிக்கு முதல்நாள் சூளை பிரித்தார்கள். மைத்ரேயிக்கு மூன்று தடவை போன் போட்டாள், எடுக்கவில்லை. பொங்கல் வைத்து, மாட்டுப்பொங்கலன்று காலையில் பழமலையிடம், "போயிட்டு வரேங்க" என்றாள். ஆளுக்கொரு சாக்காகப் பஸ் ஸ்டாண்டு வரை தூக்கிவந்த பழமலை, "அந்தப் பொண்ணு துரத்திவுட்டா?" என்று கேட்டான்.

"துரத்துனா சாக்க வச்சிட்டு வரேன். வில்லை என்ன பாவம் பண்ணுச்சு?"

வெள்ளிமலையில் தான் தங்கியிருந்த அறைக்கு எதிர் டீக்கடையில் மைத்ரேயி இருந்தாள். கனகாவைப் பார்த்து எழுந்தாளே தவிர, வாங்க என்று சொல்லவில்லை. கனகா சாக்கைப் பிரித்து இரண்டு வில்லைகளை மேசையில் வைத்தாள். "புள்ளி இருக்கறதுக்குப் பரு இருக்குது. இல்லாததுக்கு இல்ல. ரெண்டு எடத்துலயும் ரெண்டையும் வச்சிப் பாருங்க. பருவால எது, தண்ணியால எதுன்னு தனித்தனியா தெரிஞ்சிடுமில்ல? போன தடவ மாதிரி அரிசியும் மாத்தி உலையும் மாத்துன பொங்கலா ஆவாது."

மைத்ரேயி வில்லைகளைத் தடவிப் பார்த்தாள். நூற்றிருபதையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. குழி விழுந்ததில் மட்டும் விரல் நின்றது.

"அது பழுதுங்க. எண்ணிக்கைக்கு வந்துடுச்சு" என்றாள் கனகா, முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு.

"போன தடவை நான் இப்படித் தடவிப் பாத்திருக்கணும்க்கா" என்றாள் மைத்ரேயி. "ரெண்டு சாக்கையும் கலந்தாவது போட்டிருக்கணும். நீங்க பண்ணது தப்புதான். ஆனா அதைக் கண்டுபிடிக்காதது என் தப்பு. அன்னிக்கு நீங்க சொல்லலைன்னா நான் தப்பைத்தான் எழுதிக் குடுத்திருப்பேன்." அப்புறம்தான், "டீ சாப்பிடுறீங்களா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் கனகாவுக்கு ஒரு வாரத்துப் பாரம் இறங்கியது.

மாசி மகத்துக்கு விருத்தாசலமே தேருக்குத் திரண்டது. கனகா தேருக்கு மறுநாள் மலையில் இருந்தாள். தண்ணீர் பாதியாக இறங்கியிருந்தாலும் சரிவில் இன்னும் ஓட்டம் இருந்தது. முதலில் மடு வில்லைகளை எடுத்தார்கள். புள்ளி இருந்ததும் இல்லாததும் ஒன்றுதான். இரண்டின் மேலும் வண்டல் படிந்து, பருவும் வழவழப்பும் மூடிக் கிடந்தன. இரண்டிலும் அதே நத்தை, அதே புழு. சரிவில் அப்படி இல்லை. வழவழப்பில் கறுப்புப் புழுக்கள் கொத்தாக. பக்கத்திலேயே, அதே வேகத்தில், பரு வில்லைகளில் மணல் பொட்டலங்கள், தட்டைப் பூச்சி, ஓரத்தில் பாசி.

"அப்ப ஓடற தண்ணியிலதான் பருவுக்கு வேலை. நின்ன தண்ணியில எல்லாத்தையும் வண்டலு சமமாக்கிடுது" என்றாள் கனகா. "வழவழப்பும் வீண் இல்ல பாருங்க. இந்தக் கறுப்பனுக்கு அதுதான் புடிச்சிருக்குது."

மைத்ரேயி எழுதிக்கொண்டே, "இதை இப்படியே எழுதிக்கறேன்க்கா" என்று சிரித்தாள். ஜூனுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. போதும்.

எண்ணுவது சுலபமான வேலை அல்ல. வில்லையை பிரஷால் தேய்த்து, மேலிருப்பதையெல்லாம் குப்பிக்குள் வழித்துவிட வேண்டும். குப்பியில் ஸ்பிரிட்டு. உள்ளே போனது திரும்பாது. கனகா அதைப் பார்க்காமல் தண்ணீர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, வில்லைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

கடைசியாக வந்தது குழி விழுந்த வில்லை. அவள் கட்டைவிரல் அழுந்திய பள்ளத்துக்குள், துணி இழை பதிந்த இடத்திலேயே வரிசை பிடித்து, மணலால் ஒரு வீடு கட்டியிருந்தது ஒரு புழு. மற்ற வில்லைகளில் இருந்ததைவிடப் பெரிய வீடு. மேலே நுரைத்துக்கொண்டு போகிற தண்ணீர் அந்தக் குழியை மட்டும் தொடாமல் தாண்டிப் போயிருக்க வேண்டும். புழு தலையை வெளியே நீட்டி, இரண்டு முன்கால்களால் எதையோ துழாவிக்கொண்டிருந்தது.

மைத்ரேயி பிரஷோடு கையை நீட்டினாள்.

கனகா கொடுக்கவில்லை. "இது பழுது மேடம். மத்ததுல குழி இல்ல, இதுல இருக்குது. இதைக் கணக்குல சேத்தா மறுபடி அரிசியும் மாத்தி உலையும் மாத்துன கதைதான்."

மைத்ரேயி யோசித்தாள். "சரிதான்க்கா. சேத்துக்கக் கூடாது" என்று பிரஷைக் கீழே வைத்தாள். நோட்டில் நூற்றிருபது என்பதை அடித்து நூற்றுப் பத்தொன்பது என்று எழுதினாள்.

கனகா சேலையைச் செருகிக்கொண்டு சரிவில் இறங்கினாள். எதைக் கையில் எடுத்தாலும் முதலில் ஓடும் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, வில்லையை முகத்தருகே கொண்டுபோய்க் கண்ணால் மட்டும் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு எடுத்த இடத்திலேயே, 'க' அடியில் இருக்க, அதைத் தண்ணீருக்குள் வைத்து, புரளாமல் இருக்க இரண்டு பக்கமும் கல் முட்டுக்கொடுத்துவிட்டுக் கரையேறினாள்.